ஆட்டுக்குட்டிக் கதையைக் குறும்படமாக்கலாமா?

மல்லாவி ஆசிரியை:
நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுதிய ஆட்டுக்குட்டிக் கதையைக் குறும்படமாக்க விரும்புகிறேன். சிறுவர் நூல்களோடு திரைக்கதையும் எழுதிய ருமேனியர் ஒருவர் இருந்தாராமே, யார் அவர்?

மாங்குளம் வாசகன்:
ஒக்டாவ் பங்கு-யாஷ், ரீச்சர். 1929இல் யாஷ் நகரில் பிறந்தவர். ஐம்பதைத் தொடாமலே 1975இல் மறைந்துவிட்டார். உங்களுக்கு அவர் மிகவும் பொருத்தமானவர். ருமேனிய எழுத்தாளர் இயோன் கிரியாங்கா 1875இல் எழுதிய புகழ்பெற்ற கதையில் ஓர் ஆட்டுக்கு மூன்று குட்டிகள். தாய் இல்லாத நேரம் பார்த்து ஓநாய் வந்து, அவள் பாட்டையே பாடிக் கதவைத் திறக்கவைக்கிறது. கொடூரமான கதை. பங்கு-யாஷோ ஒரு குட்டிக்கு மூன்று ஆடுகள் என்று தலைப்பிலேயே புரட்டிப்போட்டார்! எல்லோரும் அறிந்த கதையை இப்படித் திருப்பும் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மல்லாவி ஆசிரியை:
நன்றி தம்பி. எங்கள் பிள்ளைகள் ஓநாயைக் கண்டதில்லை, நரியை வைக்கட்டுமா?

முத்தையன்கட்டு அக்கா:
நரியே நல்லது தங்கச்சி. ஆனால் "குட்டி பயந்தது" என்று எழுதாதீர்கள், கமராவுக்கு அது தெரியாது. பட்டிப் படலை அசைகிறது, குட்டி மேய்வதை நிறுத்துகிறது என்று எழுதுங்கள். வசனத்தைக் கடைசியில் பார்க்கலாம்.