சாங்போ ஆறு பழைய வரைபடத்தில் ஏன் நடுவில் விட்டுவிட்டு வரும் கோடாகிறது?

ஆற்றுமணல்:
திபெத்தின் சாங்போ ஆறு நம்சா பர்வா மலையைச் சுற்றித் திரும்பும் பகுதிக்கு, 1900-க்கு முந்தைய இந்திய சர்வே வரைபடம் ஒன்றின் ஸ்கேன் கிடைத்தது. பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் ஆறு விட்டுவிட்டு வரும் கோடாகிவிடுகிறது, சுற்றிலும் மலை உயரம் எதுவும் இல்லை. செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் வளைவு பொருந்தவே இல்லை. என் தவறா?

மேற்குமலை:
பாதிதான் உங்கள் தவறாக இருக்கும். ஓரத்தில் உள்ள தீர்க்கரேகையை வைத்துப் பொருத்தினீர்களா? அந்தக் காலத் தாள்களில் சென்னை வானாய்வகத்தின் தீர்க்கரேகைதான் அடிப்படை, அதற்கு அன்று வைத்திருந்த மதிப்பு ஏறத்தாழ இரண்டரை நிமிடம் (கோண அளவில்) அதிகம். அதைக் கழிக்காவிட்டால் எல்லாமே சுமார் 4 கிலோமீட்டர் கிழக்கே தள்ளி நிற்கும். மற்றபடி விட்டுவிட்டு வரும் கோடு என்றால் அங்கே யாரும் அளக்கவில்லை என்று அர்த்தம்.

பனித்துளி:
அளக்கவில்லை, ஆனால் ஒருவர் நடந்தார். சிக்கிமைச் சேர்ந்த கிந்தூப். சாங்போதான் பிரம்மபுத்திராவா என்று உறுதிசெய்ய, ஐரோப்பியர் நுழைய முடியாத அந்த நாட்டுக்கு 1880-ல் ஒரு லாமாவுடன் அவரை அனுப்பினார்கள். லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டுப் போய்விட்டார். தப்பி வந்தவர் ஊர் திரும்பியிருக்கலாம், ஆனால் திரும்பாமல் ஆற்றோடு கீழே போனார். 500 கட்டைகளுக்கு அடையாளம் போட்டு, முன்கூட்டியே கடிதத்தில் சொல்லி அனுப்பிய நாட்களில் தினம் 50 வீதம் ஆற்றில் விட்டார். கடிதம் போய்ச் சேர வேண்டிய அதிகாரி அதற்குள் இந்தியாவை விட்டுப் போயிருந்தார், கீழே பிரம்மபுத்திராவில் கட்டைகள் வருகின்றனவா என்று பார்க்க யாருமே இல்லை. நான்கு வருடம் கழித்துத் திரும்பி, எழுதப் படிக்கத் தெரியாததால் எல்லாவற்றையும் நினைவிலிருந்து சொன்னார். பலர் நம்பவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறுவதில்லை.

மேற்குமலை:
1913-ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னதில் பெரும்பகுதி சரியாக இருந்தது. அவர் சொன்னதாகப் பதிவான 150 அடி அருவி மட்டும் ஆற்றில் இல்லை, அது ஒரு கிளை ஓடையில் விழுவது, எழுதிக்கொண்டவர் குழப்பிவிட்டார். ஆற்றில் இருந்தது சுமார் 30 அடிதான். அவர்களாலும் பள்ளத்தாக்கு முழுவதையும் கடக்க முடியவில்லை. அதனால் தயவுசெய்து அந்தக் கோட்டை மட்டும் இழுத்துச் சரிசெய்யாதீர்கள், அன்று தெரிந்தது அவ்வளவுதான் என்று அதுவே காட்டுகிறது.

ஆற்றுமணல்:
இரண்டரை நிமிடம் கழித்துப் பார்த்தேன். ஆற்றின் மேல்பகுதியில் உள்ள சேதாங் ஊர்ப் பக்கம் நன்றாகப் பொருந்துகிறது, கோடு விட்டுவிட்டு வரும் இடத்திலிருந்துதான் விலகுகிறது. அப்படியே விடுகிறேன்.