பழைய வீட்டில் ஹீட் பம்ப் வகை ஸ்பிளிட் ஏசி: 16 ஆம்பியர் பிளக் போதுமா, தனி லைன் இழுக்க வேண்டுமா?

முத்தியால்பேட்டைவாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் தாத்தா கட்டிய வீட்டில் குடியிருக்கிறோம். செங்கல், சுண்ணாம்புச் சுவர்; மேலே மெட்ராஸ் டெரஸ் (மரச் சட்டங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் அடுக்கிய பழைய பாணிக் கூரை). மாடியறை 12 அடிக்கு 14 அடி. அம்மாவுக்கு 82 வயதாகிறது. சித்திரை, வைகாசி இரவுகளில் அந்த அறையின் கூரை நள்ளிரவு வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருப்பதால், அவர் உறங்க முடியாமல் கூடத்துக்கு வந்து பாய் விரித்துப் படுக்கிறார். ஆகவே இந்தக் கோடைக்கு முன் ஒரு சுவர் ஏசி பொருத்திவிட முடிவு செய்திருக்கிறோம்.

பிரான்சில் இருக்கும் என் தம்பி, குளிர், சூடு இரண்டும் தரும் ஹீட் பம்ப் வகையையே வாங்கச் சொல்கிறான். தன் வீட்டில் இருப்பது 3.5 கிலோவாட் என்றும், அதற்கு மின்பெட்டியிலிருந்து தனி லைன் இழுத்து, வெளி யூனிட்டுக்குப் பக்கத்துச் சுவரிலேயே ஒரு சுவிட்ச் பெட்டி வைத்திருக்கிறார்கள் என்றும் படம் அனுப்பினான். இங்கே பார்க்க வந்த மின்பணியாளரோ, "தண்ணீர் மோட்டாருக்குப் போகும் லைனிலிருந்து பிரித்து ஒரு 16 ஆம்பியர் பிளக் வைத்தால் போதும், அரை நாள் வேலை" என்கிறார். எங்கள் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவே 2 கிலோவாட்தான். இதில் 3.5 கிலோவாட் இயந்திரம் எப்படி ஓடும், எந்த அளவு வயர் வேண்டும், தம்பி சொல்லும் அந்தச் சுவிட்ச் இங்கேயும் அவசியமா என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மஞ்சக்குப்பம் வயர்மேன்

வணக்கம் ஐயா. கடலூரில் 27 ஆண்டுகளாக வீட்டு வயரிங் வேலை செய்கிறேன். முதலில் அந்த 3.5 கிலோவாட் பற்றிய அச்சத்தை விட்டுவிடுங்கள். அது இயந்திரம் இழுக்கும் மின்சாரம் அன்று. அறையிலிருந்து அது வெளியேற்றும் வெப்பத்தின் அளவு. நாம் 1 டன் என்று சொல்வதைத்தான் அவர்கள் 3.5 கிலோவாட் என்கிறார்கள். அவ்வளவு வெப்பத்தைத் தூக்கி வெளியே தள்ள அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோவாட் மின்சாரமே தேவைப்படும். உங்கள் மாடியறைக்கு, கூரை நேர் வெயிலில் இருப்பதால், 1.5 டன் வேண்டும். அது முழு வேகத்தில் ஓடும்போது ஒன்றரை முதல் ஒன்றேமுக்கால் கிலோவாட் வரை, அதாவது 7 அல்லது 8 ஆம்பியர் எடுக்கும். கடும் வெயிலில் அல்லது வோல்டேஜ் குறைவாக இருக்கும்போது அதைவிடக் கூடுதலாகவும் எடுக்கும். அந்த உச்ச அளவு இயந்திரத்தின் தகட்டில் தனியாக எழுதப்பட்டிருக்கும். வயரையும் எம்சிபியையும் (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழும் சுவிட்ச்) அந்த உச்ச அளவுக்கே தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் 2 கிலோவாட் மின்பளுவில் இதைச் சேர்த்தால் கணக்கு மீறும் என்பதால், மின்துறையில் விண்ணப்பித்துப் பளுவை உயர்த்திக்கொள்ளுங்கள்.

மோட்டார் லைனில் பிரிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். டிபி பெட்டியிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் மின்பெட்டி) இந்த ஓர் இயந்திரத்துக்கென்றே பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனியாகப் புறப்பட்டு, நடுவில் எங்கும் வெட்டாமல், முறுக்கி டேப் சுற்றாமல், ஒரே நீளமாக மாடிக்குப் போய்ச் சேர வேண்டும். நாலு ஸ்கொயர் (4 சதுர மி.மீ.) தாமிர வயர் போடுங்கள். இரண்டரை ஸ்கொயர் தாங்காதா என்று கேட்பார்கள்; 20 மீட்டர் தூரத்துக்கு 10 ஆம்பியர் போனால் இரண்டரையில் சுமார் 3 வோல்ட்டும் நாலில் சுமார் 2 வோல்ட்டும்தான் குறையும் என்பதால் வோல்டேஜ் கணக்கில் பெரிய வேறுபாடு இல்லை. நான் நாலு ஸ்கொயர் சொல்வதற்குக் காரணம் வேறு. உங்கள் ஊர் மே மாதத்தில், மேற்கு வெயில் பட்ட சுவருக்குள் பைப்பில் அடைபட்டு, இரவு முழுவதும் தொடர்ந்து மின்சாரம் சுமக்கப் போகும் வயர் அது. விளக்கு லைனைப் போல அவ்வப்போது ஓய்வெடுப்பதில்லை. சூட்டிலேயே இருக்கும் வயரின் உறை சில ஆண்டுகளில் விறைத்து வெடிப்பு விடும். நாலு ஸ்கொயர் அந்தச் சூட்டைக் குறைக்கும்.

எம்சிபி 20 ஆம்பியர், சி வகை. கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு கணம் பாயும் மிகை மின்னோட்டத்துக்கு பி வகை விழுந்துவிடக்கூடும். இன்வெர்ட்டர் வகை (கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் ஏசி) மெதுவாகவே கிளம்பும் என்றாலும், நாளை வேறு இயந்திரம் மாட்டினாலும் சி வகை ஒத்துப்போகும். அத்துடன் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் வையுங்கள். இன்வெர்ட்டர் ஏசிக்குள் மின்சாரம் டிசியாக மாற்றப்படுவதால், அங்கே ஏற்படும் கசிவை ஏசி வகை (இங்கே ஏசி என்பது மாறுமின்னோட்டம்) என்று அச்சிட்ட சாதாரண ஆர்சிசிபி சில வேளை உணராது. ஏ வகை என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். நியூட்ரலை வேறொரு லைனிலிருந்து கடன் வாங்கினால் ஆர்சிசிபி நிற்கவே நிற்காது, உடனே விழும். அப்படி விழும்போது "ஆர்சிசிபி பழுது" என்று சொல்லி அதையே கழற்றிப்போடும் வழக்கமும் இருக்கிறது, விழிப்பாக இருங்கள்.

தம்பி சொன்ன சுவிட்ச் பற்றி: அமெரிக்க மின்விதியான என்இசியின் 440.14 பிரிவு, இந்த வகை இயந்திரத்தின் துண்டிப்புச் சுவிட்ச் இயந்திரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், 50 அடிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வெளி யூனிட்டின் மூடியைக் கழற்றிக் கை வைக்கும் மெக்கானிக், கீழே யாரோ எம்சிபியைத் தூக்கிவிட்டார்களா என்ற கவலையின்றி வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். நம் ஊரில் 1.5 டன் வரை பெரும்பாலான மாடல்களுக்கு மின்சாரம் முதலில் உள் யூனிட்டுக்கு வந்து, அங்கிருந்துதான் வெளி யூனிட்டுக்குப் போகிறது. ஆகவே உள் யூனிட்டின் அருகே பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாகத் துண்டிக்கும் 20 ஆம்பியர் டபுள் போல் சுவிட்ச் பெட்டி ஒன்று வைத்தாலே அந்த நோக்கம் நிறைவேறும். வெளி யூனிட் மொட்டைமாடியில், கண்ணுக்கு மறைவாக இருந்தால், மழை புகாத பெட்டியில் இன்னொன்று அங்கேயும் வையுங்கள்.

தேவனாம்பட்டினம் ஆசிரியை

எனக்கு மின்சாரப் பயிற்சி கிடையாது. ஆனால் 16 ஆம்பியர் பிளக் என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். மூன்றாம் கோடையில் ஓர் இரவு படுக்கையறையில் மீன் கருகுவது போன்ற நாற்றம் வந்தது. அடுப்பங்கரையைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். கடைசியில் பிளக்கைத் தொட்டபோது விரல் சுட்டது. மறுநாள் பிடுங்கிப் பார்த்தால், பேஸ் முள்ளைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் தேன் நிறமாகி உருகி, சாக்கெட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உள்ளே திருகாணி கால் சுற்று தளர்ந்திருந்தது. வயரின் நுனியில் பச்சைக் களிம்பு. கடற்கரையிலிருந்து எங்கள் வீடு நடக்கும் தூரம்தான். உப்புக் காற்றில் தாமிரம் களிம்பேறி, அந்த இடத்தில் தடை கூடி, சூடாகி, சூட்டில் திருகாணி மேலும் தளர்ந்திருக்கிறது என்று பிறகு வந்தவர் விளக்கினார்.

அவர் சோதித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முதலில் மாட்டிக் கொடுத்தவர் எர்த் வயரே கொண்டுவராமல், பிளக்குக்குள் எர்த் முள்ளையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டிருந்தார். எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் ஏசியின் உலோக உடம்பு முழுவதும் 230 வோல்ட் நிற்குமாம். வெளி யூனிட்டின் மேல்தான் நாங்கள் மூன்று ஆண்டுகளாக ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தோம். என் பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டுதான் மாடியில் விளையாடுவார்கள். இன்றும் நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. ஐயா, அம்மாவுக்காகச் செய்கிறீர்கள். அரை நாள் வேலை என்பவரிடம் விட்டுவிடாதீர்கள்.

ஏசி மெக்கானிக், அரியாங்குப்பம்

வயர்மேன் அண்ணன் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. இயந்திரத்தின் பக்கம் நான் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் இடையே போகும் கேபிள் நான்கு கோர், அதாவது உள்ளே நான்கு தனி வயர்கள் கொண்டது. இன்வெர்ட்டர் மாடலில் அதில் ஒன்று மின்சாரத்துக்கானது அன்று, இரண்டு போர்டுகளும் பேசிக்கொள்ளும் சிக்னல் வயர். இரு பக்கமும் டெர்மினல் எண்கள் ஒத்திருக்க வேண்டும். மாற்றிக் கொடுத்தால் திரையில் தகவல்தொடர்புப் பிழை வரும், சில வேளை போர்டே போய்விடும். கேபிள் நீளம் போதவில்லை என்று நடுவில் ஒட்டுப் போடும்போதும் இதே தொல்லைதான், அதுவும் மழைக்காலத்தில் மட்டும் வந்து போகும் தொல்லை. முழு நீளக் கேபிளாக வாங்கச் சொல்லுங்கள். எந்த யூனிட்டுக்கு முதலில் மின்சாரம் தர வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். வெளி யூனிட்டின் மூடிக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

வயர் நுனிகளுக்கு வெள்ளீயம் பூசிய லக் (உலோக முனை) வைத்து, கிரிம்பிங் கருவியால் நசுக்கி, பிறகு திருகாணியில் இறுக்க வேண்டும். வெறும் இழைகளைத் திருகிச் சொருகுவதுதான் ஆசிரியை அம்மா சொன்ன பச்சைக் களிம்பின் தொடக்கம். வெளி யூனிட் ஸ்டாண்டு சாதாரண இரும்பானால் நம் கடலோரத்தில் வெகு சீக்கிரம் பொருக்கு விடும்; துத்தநாகத்தில் முக்கி எடுத்ததோ துருப்பிடிக்காத எஃகோ நல்லது. தரையில் வைக்கவே வைக்காதீர்கள். 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதும், அடுத்த நாள்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணை வழியே கடலூரின் கரையோரத் தெருக்களுக்குள் புகுந்ததும் நினைவிருக்கும். அந்த டிசம்பர் முழுவதும் நான் கழற்றிய போர்டுகளில் பாதி, வாசலில் தரைமட்டத்தில் வைத்திருந்த வெளி யூனிட்டுகளுடையவை.

உங்கள் சுவர் சுண்ணாம்புப் பூச்சு என்பதால், இயந்திரம் மாட்டும் தகட்டுக்கு சுவரில் திருகாணி பிடிக்கச் செருகும் வழக்கமான குட்டைப் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் போகும் நீளமான ஆங்கர் வேண்டும்.

சூடும் தரும் வகை தேவையா என்று கேட்டால், என் கருத்தில் தேவையில்லை. அதில் நான்கு வழி வால்வு ஒன்று கூடுதலாக இருந்து வாயு ஓடும் திசையை மாற்றுகிறது, அவ்வளவுதான்; வயரிங் அளவு ஒன்றே. பிரான்சின் குளிருக்கு அது அருமையான இயந்திரம். இங்கே தை மாத விடியலிலும் 20 டிகிரியைத் தொட்டாலே நாம் போர்வை தேடுகிறோம். அந்தப் பணத்தை எர்த்துக்குச் செலவிடுங்கள்.

முத்தியால்பேட்டைவாசி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இதைப் படித்தபின் உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை அழைத்து, இன்று காலை டிபி பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். மோட்டாருக்குப் போவது பழைய அலுமினிய வயர். அது தேக்குக் கட்டையில் ஓடி, மாடிப்படி அருகே ஒரு மரப்பெட்டிக்குள் 1/18 என்ற பழைய அளவுத் தாமிர வயரோடு முறுக்கப்பட்டிருக்கிறது. அந்த முறுக்கின் மேலிருந்த துணி டேப் கரியாகி, தொட்டதும் உதிர்ந்தது. அதிலிருந்துதான் ஏசிக்குப் பிரிக்க இருந்தார்கள். எர்த் கம்பி கிணற்றடியில் மண்ணுக்குள் இறங்குகிறது, ஆனால் வயர்மேன் இழுத்ததும் துருப்பிடித்த நுனி கையோடு வந்துவிட்டது. இப்போது எர்த் புதிதாகப் போட என்ன முறை என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

மஞ்சக்குப்பம் வயர்மேன்

அலுமினியத்தையும் தாமிரத்தையும் நேரடியாக முறுக்கினால் இரண்டுக்கும் இடையே அரிப்பு ஏற்படும். கடலோர ஈரத்தில் அது இன்னும் விரைவாகும். அந்த மரப்பெட்டியை இனி மூட வேண்டாம், மோட்டாருக்கும் புதிய லைன் இழுத்துவிடுங்கள்.

எர்த்துக்குப் பழைய இடத்தையே தோண்டலாம், கிணற்றடி ஈரம் நல்லதே. ஆனால் சாதாரண இரும்புக் குழாயும் மெல்லிய கம்பியும் உங்கள் ஊர் மண்ணில் நிற்காது. தாமிரம் பூசிய தண்டோ, கனமான துத்தநாகப் பூச்சுக் குழாயோ இறக்கி, அதிலிருந்து டிபி வரை தாமிர எர்த் வயர் கொண்டுவரச் சொல்லுங்கள். கரியும் உப்பும் கொட்டுவது பழைய முறை. ஏற்கெனவே உப்பு மிகுந்த கடலோர மண்ணில் மேலும் உப்புப் போட்டால் குழாய்தான் அரிக்கும் என்பதால், பென்டோனைட் களிமண் கலவையை நிரப்புவதே எனக்கு உடன்பாடு. மேலே சிமென்ட் தொட்டி கட்டி மூடி வையுங்கள். இணைப்பைக் கண்ணால் பார்க்க முடிய வேண்டும்.

வேலை முடிந்ததும் எர்த் டெஸ்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 5 ஓமுக்குள் இருந்தால் மகிழ்ச்சி. பிறகு ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை நீங்களே அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். ஏசி ஓடத் தொடங்கி ஒரு மாதம் ஆனதும் வயர்மேனை மறுபடி அழைத்து, மெயினை நிறுத்தி, டிபியிலும் ஏசி அருகே வைத்த டபுள் போல் சுவிட்சிலும் திருகாணிகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். புதிய தாமிர வயர் முதல் சூட்டில் சற்றே அமுங்கிக் கொடுக்கும். எர்த் அளவு எவ்வளவு வந்தது என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.