மழை பெய்தால் ஆர்சிசிபி ட்ரிப் ஆகுது, ஆனா எந்த எம்சிபியை ஆஃப் பண்ணினாலும் ஃபால்ட் சிக்கல

வாய்க்கால்_ஓரம் (கேள்வி):
வணக்கம். த்ரீ ஃபேஸ் சர்வீஸ், தனி வீடு. டிபி பாக்ஸில் (சுவிட்ச் எல்லாம் இருக்கிற மெயின் பெட்டி) 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், நாலு போல் ஆர்சிசிபி (எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா வெட்டுற சுவிட்ச்). அதுக்குக் கீழ 12 சிங்கிள் போல் எம்சிபி (லோடு மிஞ்சினாலோ ஷார்ட் ஆனாலோ விழுற சுவிட்ச்). இன்வெர்ட்டரும் உண்டு.

வடகிழக்கு மழை ஆரம்பிச்சதிலிருந்து ஆர்சிசிபி விழுது. எல்லா எம்சிபியையும் ஆஃப் பண்ணிட்டு ஆர்சிசிபியைத் தூக்கினா நிக்குது. லைட், ஃபேன் மட்டும் ஓடினாலும் நிக்குது. அயர்ன் பாக்ஸ், கீஸர், மோட்டார் இதுல எதைப் போட்டாலும் விழுது. மூணும் வேற வேற எம்சிபி, வேற வேற ஃபேஸ். சாயங்காலம் ஏழு மணிக்கு மேல தொல்லை ஜாஸ்தி. வெயில் ரெண்டு நாள் அடிச்சா தானா சரியாயிடுது.

ஆர்சிசிபியை மாத்தியாச்சு, அதே கதைதான். வந்த எலக்ட்ரீஷியன், "இது ரொம்ப சென்சிட்டிவ், 100 மில்லி ஆம்பியர் போடலாம், இல்லன்னா பைபாஸ் பண்ணிடலாம்"னு சொல்றார். என்ன செய்யலாம்?

கறுப்பு_வயர்:
கீஸர், அயர்ன், மோட்டார் மூணும் ஒரே மழையில் கெட்டுப்போகாது. எந்தப் பெரிய லோடு போட்டாலும் விழுதுன்னா முதல் சந்தேகம் நியூட்ரல் மேலதான். எங்கேயோ ஒரு நியூட்ரல் வயர் எர்த்தைத் தொடுது, இல்லன்னா ஈரம் வழியா சேருது.

சிங்கிள் போல் எம்சிபி ஃபேஸை மட்டும்தான் வெட்டும். 12 எம்சிபியையும் இறக்கினாலும் 12 சர்க்யூட்டோட நியூட்ரலும் லிங்க்ல (எல்லா நியூட்ரல் வயரும் வந்து சேர்ற உலோகப் பட்டை) சேர்ந்தேதான் இருக்கும். அதனால நீங்க ஒவ்வொரு எம்சிபியா ஆஃப் பண்ணித் தேடினா இந்த ஃபால்ட் சிக்காது.

லோடு போட்டதும் ஏன் விழுது? நம்ம வீட்டு நியூட்ரலுக்கும் எர்த் குழிக்கும் நடுவுல சாதாரணமாவே ஒன்றிரண்டு வோல்ட் இருக்கும். வீட்டில் லோடு ஏற ஏற அதுவும் ஏறும். சாயங்காலம் தெரு முழுக்க லோடு ஏறுறதால இன்னும் கூடும். ஈரமான இடத்துல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 50 ஓம் இருக்குன்னு வைங்க. 2 வோல்ட்டுக்கே 40 மில்லி ஆம்பியர் எர்த் வழியா நழுவிடும். ஃபேஸ்ல போனதும் நியூட்ரல்ல திரும்பினதும் பொருந்தாததால ஆர்சிசிபி விழுது. 30னு போட்டிருக்கிற ஆர்சிசிபி 15க்கும் 30க்கும் நடுவுல எங்க வேணா விழலாம். உங்க ஆர்சிசிபி ஒழுங்கா வேலை பார்க்குது.

ஓம்_பிரகாரம்:
கறுப்பு_வயர் சொன்னதுதான். தேடுற முறையை எழுதுறேன். டிபியைத் திறந்து செய்யுற வேலை இது, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சுச் செய்யுங்க. சரியாச் செய்யுறாரான்னு பக்கத்தில் நின்னு பார்க்க இது உதவும்.

மெயின் ஐசொலேட்டரை (வீட்டு மெயின் சுவிட்ச்) ஆஃப். ஆர்சிசிபியையும் ஆஃப்ல வைங்க, இதை விட்டுடாதீங்க: ஆர்சிசிபி நியூட்ரலையும் சேர்த்துத் திறக்கும். அது ஆன்ல இருந்து ஐசொலேட்டர் நியூட்ரலைத் திறக்காத வகையா இருந்தா, லைன் நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர்ல எர்த் ஆகியிருக்கிறதால மீட்டர் எப்பவும் ஷார்ட் மாதிரியே காட்டும், நீங்க இல்லாத ஃபால்ட்டைத் தேடிட்டிருப்பீங்க.

இன்வெர்ட்டர்தான் ஆபத்து. மெயின் போனதும் அது தானா ஆன் ஆகி டிபிக்குள்ள 230 வோல்ட் கொடுத்துடும். முன்பக்க சுவிட்சை ஆஃப் பண்ணி, இன்புட் பிளக்கையும் அவுட்புட்டையும் கழட்டிடுங்க. அப்புறம் மல்டிமீட்டரில் ஃபேஸ்–நியூட்ரல், ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் மூணும் பூஜ்யமான்னு பாருங்க. ஆஃப் பண்றதுக்கு முன்னாடியே ஏதாவது ஒரு பிளக்கில் 230 காட்டுதான்னு மீட்டரை சோதிச்சுக்கங்க. நியான் டெஸ்டர் எரியலைங்கறதை நம்பி யாரும் கை வைக்காதீங்க.

எல்லா பிளக்கையும் உருவிடுங்க. சாக்கெட் சுவிட்சை ஆஃப் பண்றது போதாது, அதுவும் ஃபேஸை மட்டும்தான் வெட்டும். கீஸர் நேரடி வயரிங்னா ரெண்டு வயரையும் கழட்டணும்.

இப்ப மீட்டரை ஓம்ஸ்ல வச்சு, நியூட்ரல் லிங்குக்கும் எர்த் லிங்குக்கும் நடுவுல அளங்க. சில நூறு ஓமுக்குள்ள காட்டினா ஃபால்ட் உறுதி. நியூட்ரல் வயர்களுக்கு டேப்பில் நம்பர் ஒட்டி, ஒரு போட்டோ எடுத்துட்டு, ஒவ்வொண்ணா லிங்கிலிருந்து கழட்டுங்க. எதைக் கழட்டினதும் ரீடிங் குபுக்னு மேல ஏறுதோ அதுதான் குற்றவாளி. ஏறலைன்னா தொடர்ந்து கழட்டுங்க, ரெண்டு சர்க்யூட்ல கூட இருக்கலாம்.

மழை விட்ட உடனே செய்யுங்க. காய்ஞ்சுட்டா ஒண்ணும் தெரியாது.

கண்டுபிடிச்ச வயரைக் கழட்டியே வச்சுட்டு மத்ததை ஆன் பண்ணலாம். ஆனா அதே சர்க்யூட்டோட எம்சிபியையும் கண்டிப்பா ஆஃப்ல வைங்க. ஃபேஸ் இருந்து நியூட்ரல் தொங்கினா, சுவிட்சைப் போட்டதும் பல்ப் வழியா அந்தக் கறுப்பு நிற நியூட்ரல் வயர் முனையில் 230 வோல்ட் வந்து நிக்கும். கறுப்புதானேன்னு தொட்டு அடிவாங்குறது இப்படித்தான்.

பிட்_எர்த்:
பைபாஸ், 100 மில்லி ஆம்பியர் ரெண்டும் வேண்டவே வேண்டாம். 100ம் 300ம் தீ விபத்தைத் தடுக்கப் போடுறது. ஆளைக் காப்பாத்த 30தான்.

எம்சிபி இருக்கேன்னு சொல்வாங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. வீட்டு எர்த் குழி 5 ஓம் இருந்தாலே நல்ல குழி. கீஸர் பாடிக்கு ஃபேஸ் வந்தா ஓடுற கரண்ட் 230 வகுத்தல் 5, அதாவது 46 ஆம்பியர். சி கர்வ் (அஞ்சு முதல் பத்து மடங்கு கரண்ட்ல உடனே விழுற வகை) 16 ஆம்பியர் எம்சிபி உடனே விழ 80லிருந்து 160 ஆம்பியர் வேணும். 46க்கு அது சூடேறித்தான் விழும், பல விநாடி ஆகும். அதுவரைக்கும் கீஸர் பாடியிலும், எர்த் வயர் சேர்ந்திருக்கிற மத்த எல்லா பாடியிலும் வோல்டேஜ் நிக்கும். ஈரக் கையோட குளியலறையில் ஆள் நிக்கிறப்ப அந்த நேரம் ரொம்ப அதிகம். ஆர்சிசிபி இருந்தா ஒரு விநாடியில் மூணில் ஒரு பங்குக்குள்ள வெட்டிடும்.

தேடி முடிக்கிறவரை பொறுங்க. ட்ரிப் ஆகுற வீடு எரிச்சல்தான், ஆனா பைபாஸ் பண்ணின வீட்டில் குழந்தைகளை விட்டுட்டுத் தூங்க முடியாது.

தெற்குத்தெரு:
நடுவுல ஒரு சந்தேகம். எங்க வீட்டிலும் த்ரீ ஃபேஸ். நேத்து ஒரு ரூம்ல லைட் கண்ணைக் கூசுற அளவுக்கு எரிஞ்சது, பக்கத்து ரூம்ல மங்கல். ஆர்சிசிபி விழவே இல்ல. இதுவும் அதே நியூட்ரல் பிரச்சினையா?

கறுப்பு_வயர்:
இல்ல, உங்களுது வேற, அவசரமும் கூட. மெயினை இப்பவே ஆஃப் பண்ணுங்க. வர்ற நியூட்ரல் லூஸ் ஆகியிருக்கு, இல்ல அறுந்திருக்கு. லோடு குறைவா இருக்கிற ஃபேஸ்ல வோல்டேஜ் 300ஐத் தாண்டி 400 பக்கம் போகலாம். ஃபிரிட்ஜ், டிவி போர்டு போயிடும். எர்த்துக்குக் கசிவு இல்லாததால ஆர்சிசிபிக்கு இது தெரியாது. கம்பம், சர்வீஸ் வயர், மீட்டர் வரைக்கும் மின்வாரியத்தோட வேலை, சீலைத் தொடாதீங்க. தமிழ்நாடு மின்வாரியப் புகார் மையம் மின்னகம் 94987 94987ல புகார் பதியுங்க. மீட்டருக்கு அப்புறம் ஐசொலேட்டர், ஆர்சிசிபி நியூட்ரல் ஸ்க்ரூ கருகியிருக்கான்னு வயர்மேனைப் பார்க்கச் சொல்லுங்க.

வாய்க்கால்_ஓரம்:
நேத்து ராத்திரி நல்ல மழை. காலையிலேயே வயர்மேனை வரவழைச்சு ஓம்_பிரகாரம் எழுதின மாதிரியே பண்ணினோம். லிங்க்–எர்த் 38 ஓம். ஒன்பதாவது வயரைக் கழட்டினதும் ரெண்டு மெகா ஓமுக்கு மேல போயிடுச்சு. அது கேட் லைட், காம்பவுண்டு லைட் சர்க்யூட். கேட் தூண்ல பதிச்ச இரும்பு பாக்ஸுக்குள்ள பாதி தண்ணி. மூடியோட ஸ்க்ரூ நியூட்ரல் வயரைக் கிழிச்சிருக்கு, ஜாயின்ட்டுல சுத்தின டேப் பிசுபிசுன்னு கழண்டு கிடக்கு. அந்த சர்க்யூட்டை மட்டும் விட்டுட்டு கீஸர், அயர்ன், மோட்டார் எல்லாம் ஓட்டிப் பார்த்தாச்சு, விழல. இதை எப்படிச் சரி பண்றது? மறுபடி டேப் சுத்தினா போதுமா?

ஓம்_பிரகாரம்:
டேப் வேண்டாம். வெளியில வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டா பிவிசி டேப்போட பசை விட்டுடும்.

இரும்பு பாக்ஸை எடுத்துட்டு, ரப்பர் கேஸ்கெட் உள்ள ஐபி65 (தூசியும் தண்ணியும் உள்ளே போகாத தரம்) பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ் போடுங்க. வயர் கேபிள் கிளாண்டு (வயரை இறுக்கிப் பிடிச்சு ஓட்டையை அடைக்கிற மூடி) வழியா, பக்கவாட்டிலோ கீழிருந்தோ நுழையணும், மேலிருந்து நுழையவே கூடாது. கிழிஞ்ச வயரை ஒட்டுப் போடாம, டிபியிலிருந்து தூண் வரைக்கும் 1.5 ஸ்கொயர் எம்எம் புதுசா இழுக்கச் சொல்லுங்க. பழைய பைப்புக்குள்ள தண்ணி நின்னிருந்தா அந்த வயரோட இன்சுலேஷனையும் நம்ப முடியாது. ஜாயின்ட் பாக்ஸுக்குள்ள மட்டும், கனெக்டரில்.

முடிச்சதும் 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) ஃபேஸ்–எர்த், நியூட்ரல்–எர்த் ரெண்டையும் பார்க்கச் சொல்லுங்க, ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வயர்னா அதைவிடப் பல மடங்கு காட்டணும். மெக்கர் போடும்போது எல்இடி பல்பைக் கழட்டியிருக்கணும், வயர் முனை ரெண்டும் டிபி லிங்கிலிருந்து தனியா இருக்கணும். இல்லன்னா 500 வோல்ட் மத்த சாமான்களுக்குள்ள போகும்.

அந்த ஒரு சர்க்யூட்டுக்கு மட்டும் 6 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், ரெண்டு போல் ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் சேர்ந்த ஒரே சுவிட்ச்) போட்டா இன்னும் நல்லது. ஆனா அதுக்கு ஃபேஸும் நியூட்ரலும் மெயின் ஆர்சிசிபிக்கு மேலயிருந்து எடுக்கணும். கீழயிருந்து எடுத்தா ரெண்டும் 30 தானே, எது முதல்ல விழும்னு சொல்ல முடியாது. சரியாப் பிரிச்சா, அடுத்த மழையில் கேட் லைட்ல தண்ணி இறங்கினாலும் கேட் லைட் மட்டும்தான் போகும்.