சேவைத் திட்டத்துக்கு நிதி வாங்கின அனுபவம் (வாங்காத அனுபவமும் சொல்லலாம்)

நிழல்மரம்:
நானே ஆரம்பிக்கிறேன். இரண்டாம் ஆண்டில் ஐந்து பேர் சேர்ந்து, வயதானவர்களுக்கு அரசுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும் ஒரு சின்ன முகாம் நடத்தினோம். கல்லூரியின் மாணவர் சேவை நிதியில் விண்ணப்பித்தோம், கேட்ட தொகை அப்படியே கிடைத்தது. ஆனால் ‘கிடைத்தது’ என்பது கடிதத்தில் மட்டும்தான். முதலில் நீங்கள் செலவழியுங்கள், பில்லைக் கொடுங்கள், பிறகு தருகிறோம் என்பது அங்கே விதி. கைக்காசு இருந்தது எங்களில் இரண்டு பேரிடம். அந்த இரண்டு பேர் தலையில்தான் மொத்தமும் விழுந்தது.

பில்களைப் பத்திரப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தேன். மூன்று மாதம் கழித்து கணக்குப் பிரிவில் உறையைத் திறந்தால், பாதிக்கு மேல் வெற்றுத் தாள். கடைகளில் தரும் அந்த வழவழப்பான பில் சூட்டில் அச்சாவது. சில வகை பிளாஸ்டிக்கோடு ஒட்டிக் கிடந்தாலே எழுத்து மங்கிவிடும் என்று அப்புறம்தான் தெரிந்தது. சும்மா மேஜை டிராயரில் போட்டிருந்தால் தப்பியிருக்கும்! அங்கிருந்தவர் ஒரு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “தம்பி, இதில் தேதி மட்டும் தெரியுது, தொகை நீங்க சொல்றதுதானா?” என்றார். மூன்றில் இரண்டு பங்கு வந்தது. அதுவும் வருவதற்குள் காசு போட்டவர்களில் ஒருத்தி படிப்பை முடித்துப் போயே விட்டாள்.

கல்வெட்டு:
அச்சச்சோ. பில் வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து, மேலே பேனாவால தொகையையும் எழுதிடணும்ப்பா. நான் சொல்ல வந்தது கிடைக்காத கதை.

‘புராஜெக்ட்ஸ் ஃபார் பீஸ்’னு மாணவர்களோட சேவைத் திட்டங்களுக்குக் காசு தர்ற அமெரிக்க நிதி ஒண்ணு இருக்கு. காத்ரின் வாசர்மேன் டேவிஸ்ங்கிற அம்மா தன்னோட 100வது பிறந்தநாளை ஒட்டி 2007ல தொடங்கினது. முதல் வருஷம் 100 திட்டங்களுக்குத் தலா 10,000 டாலர். நினைச்சவங்க எல்லாம் நேரா விண்ணப்பிச்சிட முடியாது. அதுல சேர்ந்திருக்கிற கல்லூரி முதல்ல உள்ளுக்குள்ளேயே தேர்வு பண்ணி அனுப்பணும். நான் தோத்தது அந்தக் கல்லூரித் தேர்வுலதான்.

ஒரு கிராமத்து நூலகத்துக்கு 40 டேப்லெட்னு எழுதியிருந்தேன். பட்ஜெட், கால அட்டவணை, படம் எல்லாம் பளபளன்னு இருந்துச்சு. நேர்காணல்ல ஒரு பேராசிரியை ஒரே கேள்விதான் கேட்டாங்க: “இதை வேணும்னு அங்கே யார் கேட்டாங்க?” நான் அந்த நூலகருக்கு ஒரு போன்கூடப் போட்டதில்லை. அஞ்சாறு விநாடி வாயே திறக்கல. வெளியே வந்ததும் முதல் வேலையா அவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது சாயங்காலத்துல ரெண்டு மணி நேரம் கூடத் திறந்து வைக்க ஒரு ஆள். டேப்லெட்டைப் பத்திப் பேச்சே எடுக்கல.

அப்புறம் அந்த ஆளுக்கான சம்பளத்துக்கு மூணு இடத்துல எழுதிப் பார்த்தேன். பொருள் வாங்கத் தருவோம், சம்பளத்துக்குத் தரமாட்டோம்னுட்டாங்க. டேப்லெட் கேட்டிருந்தா ஒருவேளை எங்கேயாவது கிடைச்சிருக்கும். அந்த எரிச்சல் இன்னும் போகல.

மூன்றாம்பிறை:
அமெரிக்காவில் படிப்பவர்களுக்கு ஒரு தகவல். ஃபெடரல் வொர்க்-ஸ்டடி என்பது, பணத்தேவை உள்ள மாணவர்களுக்குப் படிக்கும்போதே சம்பளத்தோடு பகுதிநேர வேலை கொடுக்க அரசு கல்லூரிகளுக்குப் பணம் தரும் திட்டம், 1964ல் வந்தது. அதில் ஒவ்வொரு கல்லூரியும் தனக்கு வரும் பணத்தில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குச் செலவிட வேண்டும். உதவித்தொகை அலுவலகத்தில் வாய்விட்டுக் கேட்டால்தான் பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள். நான் இப்படித்தான் ஒரு வருடம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன், மணிக்கணக்கில் சம்பளத்தோடு.

“காசு வாங்கினால் அது சேவையா?” என்று கூடப் படித்தவன் ஒருவன் கேட்டான். அவனுக்கு வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வரும். எனக்கு வராது. சாயங்காலம் வேலைக்குப் போகாவிட்டால் வாடகை கட்ட முடியாது. நானெல்லாம் சும்மா போய்ச் சொல்லிக் கொடுத்திருக்கவே முடியாது.

தாழ்வாரம்:
ரெண்டு வருஷம் எங்க அமைப்புக்கு நான்தான் பொருளாளர். கல்வெட்டு அண்ணா சொன்ன சம்பள விஷயம் எனக்கும் உறுத்திக்கிட்டே இருக்கு. எங்க பட்ஜெட்ல மாணவர்களுக்குப் பயணப்படி, டி-ஷர்ட், பேனர் எல்லாத்துக்கும் தனித்தனி வரி போட்டிருந்தோம். தினமும் அறையைத் திறந்து விட்டு, பெருக்கி, எங்களுக்காக வீடு வீடாப் போய் ஆள் கூட்டி வந்த அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. மூணாவது வாரம் அவங்களே கேட்டாங்க: “உங்க எல்லாருக்கும் பஸ் காசு உண்டாமே, கண்ணு?”

மறு வருஷம் ‘உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் மதிப்பூதியம்’னு எழுதி, பேனர் செலவை நீக்கிட்டு அந்தத் தொகையை இங்கே மாத்தினேன். நிதிக்குழு ஒரு வார்த்தை கேட்கல. முதல் வருஷமே எழுதியிருக்கலாம், யாருக்கும் தோணல.

நிழல்மரம்:
தாழ்வாரம், அந்த மதிப்பூதியத்துக்கு ரசீது எப்படி வாங்கினீர்கள்? இங்கே வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்குக் கொடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

தாழ்வாரம்:
ஒரு வவுச்சர்ல அவங்க கையெழுத்து, பக்கத்துல சாட்சியா ரெண்டு மாணவர் கையெழுத்து. எங்க ஆடிட்ல அது போதும்னு எடுத்துக்கிட்டாங்க அண்ணா. உங்க கணக்குப் பிரிவுல கொடுக்கறதுக்கு முன்னாடியே எழுத்துல கேட்டு வாங்கிடுங்க. வவுச்சரை மட்டும் பிளாஸ்டிக் உறையில போட்டுடாதீங்க 🙂

நிழல்மரம்:
பேனாவில் எழுதியது மங்காது என்ற தைரியத்தில்தான் இருக்கிறேன். இப்போது எல்லாம் அட்டைப் பெட்டியில்.