ஹோப்லோபாரியா புதைபடிவத்தில் மஞ்சள் பொடி பூக்கிறது, எப்படி நிறுத்துவது?

தண்டையார்பேட்டை:
இங்கிலாந்தின் ஷெப்பி தீவில், லண்டன் களிமண்ணில் கிடைத்த இறால் புதைபடிவம். சீட்டில் ஹோப்லோபாரியா என்று எழுதியிருக்கிறது. ஓட்டின் விரிசல்களில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பொடி, கூடவே கந்தக வாடை. கடல் இங்கே கூப்பிடு தூரம், உப்புக்காற்றுதான் காரணமா? தண்ணீரில் ஊறவைக்கலாமா? வார்னிஷ் அடித்தால் நிற்குமா?

கல்லுளி:
தண்ணீரில் மட்டும் போட்டுடாதீங்க சார். இந்த வாடையோட வர்ற பொடி கடல் உப்பு இல்லை. கல்லுக்குள்ள இருக்கிற பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம், காற்றோட ஈரம் பட்டு இரும்பு சல்பேட்டாவும் கந்தக அமிலமாவும் மாறுது. சல்பேட்டுக்கு இடம் அதிகம் வேணும், அதனால ஓடு உள்ளிருந்தே பிளக்கும். ஈரப்பதம் 60 சதவீதம் தாண்டினா வேகம் பிடிக்கும். வடசென்னையில திறந்த அலமாரி இதுக்கு ஆகவே ஆகாது.

கையுறை, மாஸ்க் போட்டு, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால பொடியைத் தட்டி எடுங்க. 5 லிட்டர் இறுக்கமான மூடி டப்பாவுல, ஈரம் உறிஞ்சுற ஆரஞ்சு சிலிக்கா ஜெல் 250 கிராமைத் துணிப்பையில கட்டி, கல்லைத் தொடாம வைங்க. நீல ஜெல் வேண்டாம், அதுல கோபால்ட் இருக்கு. உள்ளே ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர், அதாவது ஈரப்பதமானி. அது 40 சதவீதம் பக்கம் நிக்கணும். ஜெல் நிறம் மாறினா, அதை எடுத்து ஓவன்ல 110 டிகிரி செல்சியஸ்ல 2 மணி நேரம் காயவைங்க.

வார்னிஷ் ஈரத்தை நிறுத்தாது. அடியில பொடி பொங்கி, பூச்சோட ஓடும் உரிஞ்சு வரும். உதிர்ற இடத்துக்கு மட்டும், கல் நல்லா உலர்ந்தப்புறம், 100 மி.லி. அசிட்டோன்ல 5 கிராம் பாரலாய்டு பி-72 (அக்ரிலிக் பிசின்) கரைச்சு விரிசல்ல விடுங்க. மழை நாள்ல செய்யாதீங்க. அசிட்டோன் ஆவியாகும்போது குளிர்ந்து ஈரம் படியும், பூச்சு வெளுத்துப்போகும்.

சீட்டைத் தனி உறையில வைங்க. அமிலம் காகிதத்தையும் அரிச்சிடும். கிடைச்ச இடம் தெரியாத கல்லுக்கு ஆராய்ச்சியில மதிப்பே இல்லை.

கொடுக்கு:
பெயரையும் ஒருமுறை பாருங்க. காசிமேட்டுக்கு வர்ற சிங்கி இறாலுக்குக் கொடுக்கு கிடையாது, தடிச்ச முள் மீசைதான். ஹோப்லோபாரியா அந்த வகையே இல்லை. அட்லாண்டிக் கொடுக்கு இறால் குடும்பம். 1849-ல் மெக்காய் பெயர் வைத்த, அழிந்துபோன பேரினம். உங்க கல்லுக்கு வயசு சுமார் 5 கோடி ஆண்டு. அதே களிமண்ணுல, கொடுக்கு இல்லாத சிங்கி வகையான லினுபாரஸும் கிடைக்கும். அதோட முதுகு ஓடு பெட்டி மாதிரி, நீளவாக்குல மூணு வரம்பு இருக்கும். அந்தப் பேரினம் இன்னும் கடல்ல உயிரோட இருக்கு.

தண்டையார்பேட்டை:
வரம்பு இல்லை. கொடுக்கின் நுனி மட்டும் தெரிகிறது, மீதி கல்லுக்குள். வினிகரில் கரைத்து எடுக்கலாமா?

கல்லுளி:
கூடாது சார். ஓட்டுல கால்சியம் கார்பனேட் இருக்கலாம், சுத்தியிருக்கிற பாஸ்பேட் கல்லை விட அதுதான் முதல்ல கரையும். உருப்பெருக்கிக்குக் கீழே ஊசியால, ஓட்டை நோக்கிக் குத்தாம, விலக்கி விலக்கிச் சுரண்டுங்க. முதல்ல டப்பா வேலையை முடிங்க.