கப்பல் கரைக்கு வராத துறைமுகம்: நாகப்பட்டினத்தில் நான் பார்த்ததும் கேட்டதும்

நாகை என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நாகூரில் சந்தித்த ஒரு பெரியவர்தான். தர்கா பக்கத்துத் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், தொண்ணூறை நெருங்கிய வயது, இளமையில் மலேசியாவின் பினாங்கில் கடை வைத்திருந்த சபுராளி, அதாவது பிழைக்கக் கடல் கடந்து போனவர். ரஜூலா கப்பலில் போனவர் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். நாகையில் எந்த இடத்தில் கப்பல் ஏறினீர்கள் பாய் என்று கேட்டேன். "கப்பல் எங்கே தம்பி கரைக்கு வரும்? நாமதான் கப்பலுக்குப் போவணும்" என்றார்.

கப்பல் தூரத்தில் ஆழத்தில் நிற்குமாம். தகரப் பெட்டியோடு படகில் போய், அலை படகைத் தூக்குகிற நேரம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். அலை இறங்கும்போது காலை எடுத்தால் போச்சு. சொல்லும்போதே அவருடைய வலது கை மேலே எழும்பி ஏதோ ஒரு கம்பியைப் பிடிப்பதுபோல் இறுகியது, விரல்கள் அப்படியே கொஞ்ச நேரம் மடங்கியிருந்தன. ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 45 வருஷத்துக்கும் மேலாக ஓடியது. அதன் பிறகு வந்த சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தப் போக்குவரத்தே முடிந்துவிட்டது.

ஏன் கரைக்கு வராது என்பதற்கு நம் மண்தான் காரணம். காவிரியும் அதன் கிளைகளும் காலங்காலமாக வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகிற கரை இது, வெகுதூரம் வரைக்கும் ஆழமே இருக்காது. கடுவையாறு கடலில் சேருகிற முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகுகள் நிற்கலாம், பெரிய கப்பல் நிற்க முடியாது. அதோடு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று பிடித்துக்கொண்டால் கடல் யாரையும் விடாது. 2023 அக்டோபர் 14 அன்று நாகையிலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்களே, சில நாளிலேயே பருவமழையால் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். இத்தனை இயந்திரம் வந்த பிறகும் இப்படி என்றால், பாய்மரத்தை மட்டும் நம்பி வந்தவர்கள் காற்று மாறும்வரை இங்கேயே மாதக்கணக்கில் தங்கித்தான் ஆக வேண்டும். தங்குகிறவனுக்குச் சோறு வேண்டும், கும்பிட ஓர் இடம் வேண்டும். சூடாமணி விகாரத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

கடல் தாண்டி சுமத்ரா பக்கத்தை ஆண்ட ஸ்ரீவிஜய மன்னன் சூளாமணிவர்மன், முதலாம் ராஜராஜன் காலத்தில் நாகையில் எழுப்பத் தொடங்கிய பௌத்த விகாரம் அது, மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் கட்டி முடித்தான். அதற்கு ராஜராஜன் கொடுத்த ஊர் ஆனைமங்கலம். இதை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது, ஏனென்றால் நான் கீழ்வேளூர்க்காரன், ஆனைமங்கலம் எங்கள் பக்கத்து ஊர். அங்கே நான் பார்த்து வளர்ந்ததெல்லாம் வயலும் வாய்க்காலும் வரப்பில் மேயும் மாடும்தான். அந்த வயலில் விளைந்த நெல், ஏறக்குறைய 8,900 கலம் (அந்தக் கால நெல் அளவை), கடல் தாண்டி வந்தவன் கட்டிய விகாரத்துக்கு வருஷாவருஷம் போயிருக்கிறது. பெண் யானையை நடக்கவிட்டு ஊர் எல்லையைக் குறித்ததைக்கூடச் செப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 21 ஏடுகளும் நெதர்லாந்துக்குப் போய் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் வாங்கிவிட்டன. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை என்பதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

அப்புறம் அந்தக் கோபுரம். கடலில் வருகிறவர்களுக்கு அடையாளமாக நாகையில் நின்ற மூன்று அடுக்குச் செங்கல் கோபுரம், சீனக் கோபுரம் என்றும் சொல்வார்கள். 1846-இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி அதைப் பார்த்துக் குறித்து வைத்தார். 1867-இல் இயேசு சபைப் பாதிரிமார்கள் அரசிடம் அனுமதி வாங்கி இடித்தே விட்டார்கள். அதற்கு முன்பு 1856-இல் அந்தப் பக்கத்தில் ஓர் இலுப்பை மரத்தை வெட்டிச் சாய்த்தபோது புத்தர் படிமங்கள் கிடைத்தன, பிற்பாடு தோண்டத் தோண்டக் கிடைத்ததையும் சேர்த்தால் 350-ஐத் தொடும்.

அவற்றில் பலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். நான் போன அன்று வெண்கலக் காட்சிக்கூடத்தில் கூட்டமே இல்லை. நாகைப் புத்தர்கள் பெரும்பாலும் சிறியவர்கள், உள்ளங்கையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குக்கூட உண்டு. உச்சியில் தீச்சுடர்போல ஒன்று எழும்பி நிற்கும். ஒன்றின் பீடத்தைக் குனிந்து பார்த்தால் பழைய தமிழ் எழுத்து, செய்து கொடுத்தவரின் பெயராம். அங்கிருந்த காவலர் அம்மா, "எந்த ஊருப்பா நீங்க, இவ்வளவு நேரமா இதையே பாக்குறீங்க" என்று கேட்டார். நாகைப் பக்கம் என்றேன். "அப்ப உங்க ஊரு சாமிதான், நல்லா பாருங்க" என்று சொல்லிவிட்டு விளக்குப் பக்கமாக என்னை நகர்ந்து நிற்கச் சொன்னார், எழுத்து அப்போதுதான் தெளிவாகத் தெரிந்தது.

போர்த்துக்கீசியர், 1658-இல் அவர்களிடமிருந்து பிடித்த டச்சுக்காரர், 1781-இல் ஆங்கிலேயர் என்று பின்னால் வந்த கதை பல இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை நான் திரும்பச் சொல்லவில்லை. எழுதப்படாமல் போய்க்கொண்டிருப்பது ரஜூலாக் காலம்தான். அந்தப் பெரியவர் போன வருஷம் மவுத்தாகிவிட்டார். திருவாரூர், மன்னார்குடி, காரைக்கால் பக்கத்தில் உங்கள் வீட்டிலும் அந்தக் கப்பலில் போனவர்கள் கட்டாயம் இருப்பார்கள். எந்த வருஷம் ஏறினார்கள், படகுக்காரருக்கு என்ன கொடுத்தார்கள், பெட்டியில் என்ன வைத்துப் போனார்கள், கேட்டு இங்கே எழுதுங்கள். பழைய பாஸ்போர்ட், கப்பல் டிக்கெட் இருந்தால் படம் எடுத்துப் போடுங்கள்.