ஏர் பிளாண்ட்: நுனி காய்கிறது, அடி அழுகுகிறது; தவறு எங்கே?

கேள்வி (வேளச்சேரி, சென்னை)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் இணையவழியில் டில்லான்சியா இனத்தைச் சேர்ந்த மூன்று ஏர் பிளாண்ட் செடிகளை வாங்கினேன். இரண்டு அயனாந்தா, ஒன்று செரோகிராஃபிகா. மண் வேண்டாம், தினமும் நீர் தெளித்தால் போதும் என்று விற்றவர் சொன்னபடியே, அயனாந்தா இரண்டையும் கண்ணாடி உருண்டைகளுக்குள் கூழாங்கற்களின்மேல் வைத்துப் படுக்கையறையில் தொங்கவிட்டு, இரவு உறங்கப்போகும் முன் தவறாமல் தெளித்துவந்தேன். சென்ற வாரம் ஒன்றைக் கையில் எடுத்தபோது நடு இலைகள் கொத்தாகக் கழன்று வந்துவிட்டன. அடிப்பகுதி கறுத்துக் குழைந்து, அழுகிய வெற்றிலையைப் போல நாறியது. அதே செடியின் இலை நுனிகளோ பழுப்பேறி, தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தன. தண்ணீர் கூடியதா, குறைந்ததா என்றே எனக்குப் புரியவில்லை. எங்கள் குடியிருப்பில் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அறையில் இரவெல்லாம் ஏசி ஓடும். மற்ற இரண்டையுமாவது காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

கூடியதும் குறைந்ததும் ஒரே செடியில் நேர்ந்திருக்கின்றன. இச்செடிகளுக்கு வேர் என்பது மரக்கிளையையோ பாறையையோ பற்றிக்கொள்ள மட்டுமே. நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் தெரியும் நுண்செதில்கள். இரண்டு முறை பீய்ச்சினால் அவை நனையுமே தவிர, இலை வயிறாரக் குடிப்பதற்குள் ஏசி காற்று அந்த ஈரத்தை வாங்கிவிடும். ஆகவே நுனி காய்ந்தது. வழிந்து இறங்கிய மிச்ச நீர் காற்றோட்டமில்லாத உருண்டையின் அடியில் தேங்கி நின்றதால் குருத்து அழுகியது.

இரவில் தெளித்ததும் பொருந்தாது. அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடிகள், பகல் வெப்பத்தில் ஈரத்தை இழந்துவிடாதபடி இலைத்துளைகளை மூடிவைத்திருந்து, இரவில் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுத்துச் சேமித்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் இலைமேல் நீர்ப்படலம் இருப்பது, மூச்சு வாங்குகிறவரின் மூக்கைப் பொத்துவதற்கு ஒப்பாகும்.

எஞ்சிய அயனாந்தாவை வாரம் ஒருமுறை, காலையில், அகன்ற பாத்திரத்து நீரில் 20 முதல் 30 நிமிடம் முழுவதுமாக மூழ்கவையுங்கள். எடுத்தவுடன் தலைகீழாகப் பிடித்து நன்றாக உதறி, ஒரு துணியின்மேல் சாய்த்துக் காற்றுபடும் இடத்தில் வையுங்கள். நான்கு மணி நேரத்துக்குள் அது முழுமையாக உலர வேண்டும் என்பதையே நான் எல்லாவற்றிலும் முதன்மையாகக் கருதுகிறேன்; நீர் கொடுப்பதில் ஒரு வாரம் தவறினால் செடி பொறுத்துக்கொள்ளும், குருத்தில் தேங்கிய நீரை ஒரு நாள்கூடப் பொறுக்காமல் போகலாம். கத்திரி வெயில் காலத்தில் வாரம் இருமுறை ஊறவைக்கலாம். கண்ணாடி உருண்டையை அருள்கூர்ந்து கைவிட்டுவிடுங்கள்.

மறுமொழி 2 (நாகர்கோவில்)

மேலே நண்பர் சொன்னவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் செரோகிராஃபிகாவை அரைமணி நேரம் ஊறவைக்காதீர்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, எல் சால்வடார் நாடுகளின் வறண்ட காடுகளில் வளரும் அதன் அகன்ற இலைகள் கிண்ணம்போல் நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் அமைப்புடையவை. நீரில் ஒருமுறை முக்கி எடுத்து, கவிழ்த்து வைத்தால் போதும். காடுகளிலிருந்து அளவின்றிப் பறிக்கப்பட்டதால் அதன் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் (CITES) உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. இனி வாங்குவதானால் நாற்றங்காலில் வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது நீர். ஆழ்துளை நீரின் உப்பு, நம் பாத்திரங்களில் படிவதைப் போலவே இலையிலும் வெள்ளையாகப் படிந்து செதில்களை அடைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழைநீரை மூடிய குடத்தில் பிடித்துவைத்துக்கொள்ளுங்கள். அது தீர்ந்தால் ஆர்ஓ நீர் பயன்படுத்தலாம். அதில் சத்து ஏதும் இருக்காது என்பதால், மாதம் ஒருமுறை திரவ உரத்தை, அதன் உறையில் குறிப்பிட்ட அளவில் கால் பங்கு மட்டும் எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். செடியைக் கட்டச் செப்புக் கம்பி வேண்டவே வேண்டாம். செம்பு இக்குடும்பத்துக்கு நஞ்சு.

கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

இருவருக்கும் மிக்க நன்றி. அயனாந்தாவை ஒரு வேப்பங்கட்டையில் நைலான் நூலால் தளர்வாகக் கட்டி, கிழக்குப் பார்த்த பால்கனியில் மாட்டியிருக்கிறேன். நீரிலிருந்து எடுத்தவுடன் கிளிப்பச்சையாக இருக்கும் இலை, பத்து மணியளவில் நுனியிலிருந்து மெல்ல வெளுத்து, மதியத்துக்குள் பழைய வெள்ளிச் சாம்பலுக்குத் திரும்பிவிடுகிறது. உலர்ந்ததா என்பதை இப்போது கைவைக்காமலே அறிந்துகொள்கிறேன். ஆனால் நான்கைந்து நாள்களாக நடு இலைகள் செக்கச்செவேலென்று சிவந்துவருகின்றன. வெயில் சுட்டுவிட்டதா?

மறுமொழி 1 (கோயம்புத்தூர்)

வெயில் சுட்டிருந்தால் இலை வெளிறி, பழுப்புத் திட்டுகள் விழும். வெளிச்சம் கூடினாலும் அயனாந்தா ஓரளவு சிவக்கும் என்றாலும், நடுவிலிருந்து இப்படிச் சிவப்பது பெரும்பாலும் பூக்கப்போவதன் அடையாளம். குருத்திலிருந்து ஊதா நிறத்தில் குழல்போன்ற பூக்கள் நீண்டு வரும். நுனியில் மஞ்சள் மகரந்தம் தெரியும். வாழை ஒருமுறை குலை தள்ளுவதைப் போல இதுவும் ஒருமுறைதான் பூக்கும். தாய்ச்செடி உடனே மடிந்துவிடாது. அடியில் கன்றுகள் விட்டு, அவற்றுக்குத் தன் சத்தைக் கொடுத்தபடியே பல மாதங்கள் இருக்கும். கன்று தாயின் மூன்றில் ஒரு பங்காவது வளரும்வரை பிரிக்காதீர்கள். பூ இருக்கும் நாள்களில் ஊறவைக்கும்போது பூவை மட்டும் நீருக்கு வெளியே நிறுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். நனைந்தால் சீக்கிரம் வாடிவிடும்.